சேறு கேட்ட பெண்

தாம்பாளத்தில் பூ, பழம், வெற்றிலை எல்லாம் முறையாக இருந்தன. நடுவே இருந்த ஊறுகாய் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்த பெண்ணின் அத்தை பானுமதி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, ஊறுகாய் கெட்டுப்போச்சுங்களா?"

"ஊறுகாய் இல்லீங்க, சேறு. உங்க பொண்ணு கேட்டதுதானுங்க" என்றார் வளப்பூர் நாடு என்கிற மலையூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா. "எண்ணெய்க் கப்பல் நிக்கிற ஏழாவது பெர்த்துக்குக் கீழதான் அள்ளோணும்னு போன்லயே சொல்லிப்போடுச்சு."

பெண் பூங்குழலி கடல் ஆராய்ச்சி செய்கிறவள். கடலடிச் சேற்றில் பொடிமணல் அளவில் உயிர்கள் உண்டு. தண்ணீர் கெட்டால் அவற்றின் ஓடு கோணலாக வளரும். மாப்பிள்ளை யுவராஜுக்கோ துறைமுகத் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கிற உத்தியோகம். அவன் வேலையின் லட்சணம் தெரிந்துவிடும் அல்லவா?

பெண்ணின் அப்பா குழந்தைசாமி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே நாலு வரன் தட்டிப்போயிருந்தது. பூங்குழலிக்கும் யுவராஜைப் பிடித்துத்தான் இருந்தது. அதனாலேயே பாட்டிலை இரண்டு கையாலும் பத்திரமாக வாங்கினாள்.

உள்ளே போய்ச் சேற்றைச் சல்லடையில் அலசி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். வெளியே காபி ஆறி ஆடை படிந்தது.

அரை மணி நேரம் கழித்து வந்தாள். "நூத்துக்கு எழுபது கோணல்."

"மீதி முப்பது நல்லாத்தான கண்ணு இருக்குது?" என்றார் குழந்தைசாமி, பரிதாபமாக.

"படு மோசம்ப்பா. இதுக்கு மேல கெட முடியாது."

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "கெளம்புடா. பீச்சு மணலை ரெண்டு கை அள்ளிப் போட்டுட்டு வாடா, இவிங்களுக்கு என்ன தெரியப்போவுதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?"

"மனசு வரலீங்கப்பா. என்ன இருக்குதோ அதைத்தான குடுக்க முடியும்" என்றான் யுவராஜ். அவன் முகம் செத்துப்போயிருந்தது. குனிந்து செருப்பைத் தேடினான்.

பூங்குழலி ஓடிவந்து வாசலை மறித்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"உக்காருங்க மாமா! ரெண்டு வருசமா அதே பெர்த்துச் சேத்தைத்தான் நான் ஆராய்ச்சி பண்றேன். சுத்தமான மண்ணு வந்திருந்தாத்தான் வேண்டாம்னிருப்பேன்."