நன்றி சொல்லாதவன்

2023 மே 14, ஞாயிறு மாலை, மொண்டேவீடியோவின் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து ஹிமேனாவும், டேட்டிங் செயலியில் கிடைத்த பிராவ்லியோவும் ஒரே சுரைக்குடுவையில் மாத்தே என்ற மூலிகைத் தேநீரை மாறி மாறிக் குடித்தார்கள். போதும் என்பவர் நன்றி சொல்லிக் குடுவையைத் தர வேண்டும். அதுவரை அவருக்கு முறை வந்துகொண்டே இருக்கும்.

பிராவ்லியோ நன்றி சொல்லவில்லை. "இதோ வந்துடறேன்" என்று போனவன் திரும்பவில்லை. மறுநாள் செயலியிலும் அவன் இல்லை.

ஆகஸ்டில் அதே சுவரில், புதிதாகப் பழகிய கஸ்தோன் வந்து உட்கார்ந்தான். இவனாவது நிலைக்க வேண்டும் என்றிருந்தது ஹிமேனாவுக்கு. தன் முறையைக் குடித்துவிட்டு, வெந்நீர் ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

"காலிக் குடுவையக் குடுத்து ஏமாத்துறியா?" என்று சிரித்தான்.

மறுபடி ஊற்றினாள். இந்த முறை நிறைந்திருந்தது. அவள் குடித்தபின் அவனுக்கு ஊற்றியது மீண்டும் காலி.

"வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டான்.

"இருந்தான். நன்றி சொல்லாமப் போயிட்டான்."

கஸ்தோன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் சற்று நகர்ந்து, நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டான்.

டிசம்பரில் இருவரும் ஒரே வீட்டுக்குக் குடிபோனார்கள். ஹிமேனா இப்போதும் மூன்று பேருக்கு ஊற்றுகிறாள். நடுவில் வைப்பது காலியாகத் திரும்புகிறது.