அஞ்சுக்கு நாலேகால்

பாட்டில் மூடி திறக்கிற சத்தம் கேட்டதும் ஈவாஞ்சலின் கொதிக்கிற மீன் குழம்பை அப்படியே விட்டுவிட்டு ஹாலுக்கு ஓடி வந்தாள். சோபாவில் மகன் அமலன் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு கண்ணாடிக் கோப்பையும் குட்டையான கறுப்புப் பாட்டிலும்.

“ஏலே, இது இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கேம்லா?”

“எம்மா, பூசைக்குப் போயிட்டு வந்த கையோட சண்டைய ஆரம்பிக்காதீங்க. இது பெல்ஜியத்துல மடத்துச் சாமியாருங்க காய்ச்சுத பீரு.”

“வானத்துலருந்து சம்மனசு எறங்கி வந்து காய்ச்சுனாலும் எனக்கு வேண்டாம். கொண்டுபோய்க் கொட்டு.”

அமலன் சிரித்தான். அவன் சரக்குக் கப்பலில் என்ஜினியர். எட்டு மாதம் கழித்து நேற்றுதான் தூத்துக்குடிக்கு வந்திருந்தான். கப்பலில் ஒரு சொட்டு தொடமாட்டான். கரையில் இறங்கினால் மட்டும் அந்த ஊர் பீரில் ஒன்றை வாங்கி, நிறம், வாசம், ருசி பார்த்து போனில் மார்க் போடுவான். அது ஒரு பைத்தியம்.

இந்தப் பாட்டிலை மட்டும் பெல்ஜியத்து ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் வாங்கி, பனியன்களுக்கு நடுவே சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வந்தான். மனைவி விஜிலாவுக்கு முன்னால் திறக்கவேண்டும் என்று ஆசை. கொஞ்ச நாளாகவே வீடியோ காலில் அவள் முகம் சரியில்லை. நடுவில் சில வாரம் பேசவே இல்லை. தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள், அங்கே டவர் கிடைக்கவில்லை என்று ஈவாஞ்சலின்தான் சொன்னாள்.

விஜிலா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அமலன் கோப்பையைச் சாய்த்து ஊற்றினான். கருப்பட்டிப் பாகு போல இறங்கி, மேலே தவிட்டு நிறத்தில் நுரை கட்டியது.

“நெறத்துக்கு முழு மார்க்!” என்றவன் மூக்கருகே கொண்டுபோனான். “வாசம்தான் என்னன்னு பிடிபடல. விஜி, இங்கன வந்து மோந்து பாரேன்.”

அவள் திரும்பவில்லை. “ரம்முல ஊறப்போட்ட திராட்ச” என்றாள்.

“அங்கன நின்னே சொல்லிட்டியே! அதேதான், நம்ம கிறிஸ்மஸ் கேக் வாசம். ஆமா, இந்த வருஷம் வீட்ல கேக்கே போடலையாமே?”

“எனக்குக் கை வலி” என்று ஈவாஞ்சலின் அவசரமாகச் சொன்னாள்.

அமலன் ஒரு வாய் குடித்து, நாக்கில் உருட்டி, மெல்ல விழுங்கினான். “மொதல்ல இனிப்பு. பொறவு கசப்பு, கிராம்பு மாதிரி லேசா ஒரு காரம். கடைசில நெஞ்சுக்குள்ள சூடா எறங்குது. ஆல்கஹால் பதினோரு சதவீதம்லா! நம்மூரு பீரெல்லாம் கிட்ட நிக்க முடியாது.” போனை எடுத்தான். “அஞ்சுக்கு நாலேகால்.”

“மார்க் போட்டாச்சுல்லா? மிச்சத்தக் கொட்டிரு.” ஈவாஞ்சலின் பாட்டிலை எடுக்கக் குனிந்தாள்.

அமலன் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவன் சிரிப்பு போய்விட்டது.

“அப்பாவ நெனச்சுப் பயப்படுதீங்க. எனக்குத் தெரியாதா? அவரு குடிச்சு ஈரல் கெட்டுச் செத்தாரு. அதுக்காக நானும் அப்படி ஆயிருவேனா? ஒரு நாளாவது நான் தள்ளாடி வந்து பாத்திருக்கீங்களா?”

ஈவாஞ்சலினின் பார்வை ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது.

“நேத்து வந்ததும் வராததுமா என் பெட்டியத் தொழாவுனீங்க. பாத்தும் பாக்காத மாதிரிதான் இருந்தேன்.” அவன் பாட்டிலை விடவில்லை. “கடல்ல கெடந்துட்டு வாரவனுக்கு வீட்ல இதுதானா மரியாதை?”

“உன்ன நம்பாம இல்லலே.”

“பொறவு?”

“காரணம் கேக்காத. கொட்டிரு ராசா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்.”

அந்தக் கெஞ்சல் அவனை இன்னும் சுட்டது. மகனிடம் இப்படியா கெஞ்ச வேண்டும், இவன் என்ன மொடாக்குடியனா? கோப்பையை எடுத்துக்கொண்டு நேராக விஜிலாவிடம் போனான்.

“நீ ஒரு வாய் குடிச்சுட்டு ஒரு மார்க் சொல்லு விஜி. இதுல ஒண்ணுமில்லன்னு அம்மாவுக்குத் தெரியட்டும்.”

“வேண்டாம்ங்க.”

“ஒரே ஒரு வாய். எனக்காக.”

கோப்பை அவள் முகத்தருகே வந்தது. விஜிலா கண்களை மூடிக்கொண்டாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கம்பியைப் பிடித்திருந்த கை மெல்ல நழுவி, கோப்பையை நோக்கி உயர்ந்தது.

ஈவாஞ்சலின் பாய்ந்து வந்து தட்டிவிட்டாள். கோப்பை சுவரில் மோதிச் சிதறியது. அடுத்த நொடி அவள் மருமகளை இழுத்து, சின்னப் பிள்ளையைப் போல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா ஆச்சு உங்களுக்கு?” அமலன் கத்தினான். “பெத்த மகன் மேல இவ்வளவு சந்தேகமா?”

மாமியாரின் தோளிலிருந்து விஜிலா முகத்தைத் தூக்கினாள்.

“மாமிக்கு உங்க மேல சந்தேகம் இல்லங்க. குடிய விடுததுக்காக ஆஸ்பத்திரில கெடந்துட்டு வந்தவ நான்.”