இரும்பு ஏணி

இந்தச் சனிக்கிழமை மலைக்குப் போகலாம் என்று சொன்னவள் நிறைமதிதான். மேற்படிப்புக்காக வெளிநாட்டுக்கு வந்து ஒரே வீட்டில் தங்கியிருந்த தோழிகள் மூவரும் கிளம்பினார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே, செங்குத்தான பாறையில் இரும்பு ஏணி ஒன்றைப் பதித்திருந்தார்கள். அஸ்மா முதலில் ஏறி மேலே மறைந்தாள். அடுத்து ஏறிய பெனிட்டா பாதியில் நின்று கீழே பார்த்துவிட்டாள். காலுக்கடியில் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. அதன்பின் அவளால் அசைய முடியவில்லை.

"ஒரு கையை மட்டும் எடுத்து மேல வைடி," என்றாள் கீழே நின்ற நிறைமதி.

"வரமாட்டேங்குதுடி."

தங்கள் முறைக்காகக் காத்திருந்த வெள்ளைக்காரர்கள், அவசரமில்லை என்று அன்பாகக் குரல் கொடுத்தார்கள். அதைக் கேட்டதும் பெனிட்டாவின் விரல்கள் இன்னும் இறுகின.

நிறைமதி ஏறி வந்து, அவள் முதுகோடு ஒட்டி நின்று, இருபுறமும் ஏணியைப் பற்றிக்கொண்டாள். "இப்ப நீ விழமாட்ட. பின்னாடி நான் இருக்கேன். மெதுவா எடு."

பெனிட்டாவுக்கு மூச்சு திரும்பியது. ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினாள். கை உயர்ந்து அடுத்த படியைப் பிடித்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"வந்துருச்சுடி! நீ கொஞ்சம் விலகு, நான் ஏறிடுறேன்."

நிறைமதி விலகவில்லை. அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது பெனிட்டாவின் முதுகில் தெரிந்தது.

"நிறை?"

"ஏறாதடி. கால் நடுங்குது. நீ அசைஞ்சா நான் விழுந்துருவேன்."

இருபுறமும் இருந்த கைகள் பெனிட்டாவை ஏணியோடு சேர்த்து நெருக்கின.

மேலேயிருந்து அஸ்மா கத்தினாள். "சீக்கிரம் வாங்கடி, இங்க எவ்ளோ அழகா இருக்கு பாருங்க!"