மூக்கால் கூப்பிடும் கருவாயன்

“அத்தை, நான் ஊருக்குப் போறேன்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தறிக்கூடத்தின் வாசலில் நின்று மோகனப்பிரியா சொன்னாள்.

மாமியார் சுப்பம்மாள் திரும்பவில்லை.

வாசலுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து, ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சிகளில் ஒட்டியிருந்த மிச்ச நூலை உரித்துக்கொண்டிருந்தாள்.

தறிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று இன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. பராமரிப்பு வேலை என்று குமாரபாளையம் முழுக்கக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. தகரக் கூரையின் மேல் மைனா நடக்கிற சத்தம் கூடக் கேட்டது.

வாழப்பாடியிலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படித்தான். கூப்பிட்டால் பதில் கிடையாது. எதிரே போய் நின்றால் மட்டும் ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு.

புருஷன் தீனதயாளனிடம் சொன்னால், “அம்மா அப்படித்தான், அதிகம் பேசாது” என்று முடித்துவிடுவான்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். இன்று காலை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

நாள் தள்ளிப்போயிருந்தது. சோதித்துப் பார்த்தாள். இரண்டு கோடு.

புருஷனுக்குக்கூடச் சொல்லாமல், முதலில் அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டு அடுப்படிக்கு ஓடினாள். அரிசி களைந்துகொண்டிருந்தவளின் பின்னால் நின்று, வெட்கத்தோடு சொன்னாள்.

சுப்பம்மாள் களைந்த தண்ணீரைக் கொட்டினாள். வேறு தண்ணீர் பிடித்தாள். மறுபடியும் களைய ஆரம்பித்தாள்.

இதற்கு மேல் இந்த வீட்டில் தனக்கு என்ன இருக்கிறது?

மோகனப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக ஒருமுறை கூப்பிட்டாள்.

“அத்தை!”

வாசற்படியோரம் படுத்திருந்த வீட்டு நாய் கருவாயன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. எழுந்து தறிகளுக்கு நடுவே நடந்து போய், சுப்பம்மாளின் கெண்டைக்காலில் மூக்கை வைத்து அழுத்தியது.

சுப்பம்மாள் நூலைக் கீழே போட்டாள்.

“ஆரு கருவாயா, ஆரு வந்துருக்கறாங்க?” என்று நாயிடம் கேட்டபடியே வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

மோகனப்பிரியா அப்படியே நின்றுவிட்டாள்.

கருவாயனை யாரும் எதற்கும் பழக்கியதில்லை. குட்டியாகத் தெருவிலிருந்து நுழைந்து, தறிக்கடியில் படுத்து வளர்ந்த நாய். தீனதயாளனைக் கூப்பிட வேண்டுமானால் குரைக்கும். சுப்பம்மாளிடம் அது குரைத்து மோகனப்பிரியா பார்த்ததே இல்லை. கேட்டில் ஆள் நின்றாலும், குக்கர் விசிலடித்தாலும், எழுந்து போய் அந்தக் காலில் மூக்கை வைக்கும்.

செல்லம் கொஞ்சுகிறது என்றுதான் நினைத்திருந்தாள்.

குரைத்துக் குரைத்துப் பார்த்துப் பலனில்லாமல், அதுவாகவே கண்டுபிடித்த வழி அது.

தறிக்கூடத்தில் எல்லாருமே கையசைத்துத்தான் பேசுவார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமானால் தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேரே சொல்வார்கள். பெற்ற மகன்கூட வீட்டுக்குள் அம்மாவிடம் அப்படித்தான் பேசினான். அந்தப் பழக்கத்துக்குள், சுப்பம்மாளின் காது எப்போது போனது என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கிறது.

காலையில் அடுப்படியில் கருவாயன் இல்லை. தீனதயாளனின் வண்டிக்குப் பின்னால் தெருமுனை வரை ஓடியிருந்தது.

சுப்பம்மாள் மருமகளைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“ஊருக்கா சாமி?”

மோகனப்பிரியா தலையை மட்டும் ஆட்டினாள்.

“ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போவோணும்னுகூட உனக்குத் தோணுலியா? வந்ததுலருந்து ஒருக்காவாச்சும் என்னைய அத்தைன்னு கூப்புட்டிருக்கியா? நானும் இன்னைக்குக் கூப்புடுவா, நாளைக்குக் கூப்புடுவான்னு பாத்துட்டேதான் இருக்கறேன். எம்மேல உனக்கு என்ன கோவம்னே தெரியல போ.”

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

மோகனப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் காது போனது சுப்பம்மாளுக்கே தெரியவில்லை. உலகம்தான் தன்னிடம் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்த மருமகளும் அப்படியே என்று.

பையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போய் எதிரே மண்டியிட்டாள். நூல் பிசிறு ஒட்டியிருந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். முகத்துக்கு நேரே, தன் குரல் முழுவதையும் எடுத்துச் சொன்னாள்.

“அத்தை! எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு! காலையில டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். மாசமா இருக்கேன் அத்தை! உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்!”

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

சுப்பம்மாளின் பார்வை மருமகளின் உதட்டை விட்டு அசையவில்லை. பிறகு மெல்ல அவள் கண் நிறைந்தது. சட்டென்று கையை உருவி, மோகனப்பிரியாவின் வாயைப் பொத்தினாள்.

“ஏஞ்சாமி இந்தக் கத்துக் கத்தறே? மூணு மாசம் முடியறதுக்குள்ள ஊரெல்லாம் கேக்கப்போவுது. மெதுவாச் சொன்னா எனக்குக் கேக்காதா?”