சாட்சிக்கு ஒரு ஸ்லைடு

“மாசாமாசம் இதே பாட்டுதான். பரிட்சை வேற, கேட்கணுமா? ஒரு மாத்திரையைக் கொடுத்து மத்தியானம் அனுப்பி வை. அவ நடிப்புக்கெல்லாம் இடம் கொடுக்காதே.”

மகளைப் பற்றி மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்த டாக்டர், வாசலில் ஒரு பெண் நிற்பதைக் கண்டு முகம் சுளித்தார்.

அந்த அறைக்கு நோயாளிகள் வருவதில்லை. ஆபரேஷனில் அவர்களிடமிருந்து வெட்டியெடுத்த துண்டுகள்தான் மருந்துத் தண்ணீர் டப்பாக்களில் வரும். மெழுகில் பதித்து, காற்றில் பறக்கிற அளவு மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லில் ஒட்டித் தருவார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று எழுதுவது அவர் வேலை.

“என் வயித்துலேர்ந்து எடுத்த கட்டியைப் பார்க்கணும்” என்றாள்.

ரிப்போர்ட் போய்விட்டது, கேன்சர் இல்லை, நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்றார்.

“படிச்சேன் சார். கண்ணால பார்க்கணும்.”

கேஸ் போடுகிற ஆசாமி போலிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. இங்கே கண்காட்சி நடக்கவில்லை என்றார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தையல் இன்னும் ஆறவில்லை போல; ஒரு கை வயிற்றை விட்டு அகலவில்லை.

“என் சதை சார். ஊரு பேரு தெரியாத நீங்க பார்க்கலாம், நான் பார்க்கக் கூடாதா?”

முணுமுணுத்துக்கொண்டே ஸ்லைடைத் தேடி எடுத்து, இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

அவள் பார்க்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

“உள்ள வாங்க.”

வேண்டாவெறுப்பாக ஒருவர் வந்தார். அவள் கணவர்.

“எனக்கில்ல சார், இவருக்குக் காட்டுங்க. கல்யாணமானதிலேர்ந்து என் வலிக்கு நடிப்புன்னு பேர் வெச்சவரு.”

கணவர் குனிந்தார். உள்ளே ரோஜா நிறமும் ஊதாவுமாக ஏதோ தெரிந்தது. டாக்டருக்குத் தன் தொழில் பேச்சு வந்ததும் உற்சாகம் பிறந்தது. கருப்பைக்குள் இருக்க வேண்டிய சதை இது, வழிதவறி சினைப்பையில் வேர்விட்டிருக்கிறது. மாதவிடாய் வரும்போதெல்லாம் இதுவும் ரத்தம் கக்கும், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கிக் கட்டியாகும் என்று விளக்கினார்.

“வலிக்குமா?” என்றார் கணவர், தலையைத் தூக்காமல்.

“உயிர் போகும். சில பேருக்குப் பள்ளிக்கூட வயசுலயே ஆரம்பிச்சிடும். மாசாமாசம் சுருண்டு படுத்துப்பாங்க. வீட்டுல யாரும்...”

பாதியில் அவர் குரல் தேய்ந்தது.

“நம்ப மாட்டாங்க” என்று அவளே முடித்தாள். கணவருக்காகக் காத்திராமல் நடந்தாள். அவர் பின்னாலேயே ஓடினார்.

டாக்டர் போனை எடுத்தார். மகளை அனுப்ப வேண்டாம், பரிட்சை போனால் போகட்டும், தானே வந்து நல்ல டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னார். மனைவி அதை மகளிடம் சொல்வது கேட்டது. பிறகு மனைவி மறுபடி போனில் வந்தாள்.

“ஷூவை மாட்டிட்டா. பரிட்சைக்குப் போறாளாம்.”

“ஏன்?”

“‘என் வயித்தை வெட்டி, ஸ்லைடுல வெச்சுக் கொடுத்தாத்தான் அப்பா நம்புவாரு. அதுவரைக்கும் நடிச்சுட்டே இருக்கேன்னு சொல்லு’ங்கறா.”