பெட்டியில் கட்டிய குழை

"இதோட மூண்டு ஆடு! நேற்று விடிய மரத்திலை ஐயனாருக்கு இலைக்குழை கட்டிக் கும்பிட்டுப்போட்டுத் திரும்பிறன், கிடாயைக் காணேல்லை. குளக்கட்டிலை நிண்டது நீ ஒருத்தன்தான். அப்ப ஆர் பிடிச்சது, ஐயனாரோ?"

விமலேஸ்வரியின் குரல் மாங்குளம் சந்திவரைக்கும் போயிருக்கும். பக்கத்து வளவு ஜெகதீஸ்வரி அடுப்பை நூர்த்துவிட்டு வேலியடிக்கு வந்துவிட்டார்.

"மாமி, அவ்வளவு பெரிய கிடாயை நான் எங்கை ஒளிக்கிறது? சேட்டுப் பொக்கற்றுக்குள்ளையோ?" என்றான் கோகுலன்.

"மாமி கீமி எண்டால் வாயிலை ஒண்டு போடுவன். இண்டைக்கே நான் பொலிசுக்குப் போறன்."

கோகுலனின் முகம் கறுத்தது. பூநகரியில் மிருக வைத்தியருக்கு உதவியாளர் வேலை. அடுத்த கிழமை நேர்முகப் பரீட்சை. ஆட்டுக்கள்ளன் என்று ஒரு முறைப்பாடு விழுந்தால் அவனை எவர் ஆட்டுக்குப் பக்கத்தில் விடுவார்?

அவனோடு மறீக்காவும் வந்திருந்தாள். நெதர்லாந்தில் மிருக வைத்தியம் படிக்கிற பிள்ளை. காட்டு மிருகங்களின் நோய் வீட்டு ஆடுமாடுகளுக்கு எப்படித் தொற்றுகிறது என்று பார்க்க இரண்டு மாதம் வன்னிக்கு வந்தவள். ஆடுகளில் இரத்தம் எடுப்பாள், யானை லத்தியைக் கையுறை போட்டுக் கிண்டுவாள். கோகுலன்தான் வழிகாட்டி. லத்தி கிண்ட இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வருவானேன் என்பது ஜெகதீஸ்வரிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறீக்கா ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். விமலேஸ்வரியின் மகள் யதுர்ஷிகா நேர்சரியில் படிப்பிக்கிறவள்; தாய்க்குத் தமிழில் சொன்னாள்.

"குளத்தடி மரத்திலை இவ கமரா பூட்டினவவாம், அம்மா. என்னென்ன மிருகம் தண்ணி குடிக்க வருது எண்டு பாக்க. ஏதாவது அசைஞ்சால் தானாப் படம் எடுக்குமாம். ஆடு போனதும் அதிலை இருக்கும் எண்டுறா."

"கடைசியாச் சொன்னதை விட்டிட்டாய், பிள்ளை," என்றார் ஜெகதீஸ்வரி. லண்டனில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தவருக்கு ஆங்கிலம் பேச வராது. ஆனால் ஒன்றும் தப்பாது. "அந்த மரம் வேண்டாம், வேறை மரம் பாப்பம் எண்டு கோகுலன் அரை மணித்தியாலம் மறிச்சவனாம்."

"பாத்தியளோ! கள்ளனுக்குத்தானே கமராவிலை பயம்!" விமலேஸ்வரி சேலையை இழுத்துச் செருகினார். "போடச் சொல்லடி படத்தை!"

முற்றத்துக் கதிரையில் மடிக்கணினி ஏறியது.

முதல் படத்தில் குளம். இரண்டாவதில் வளையல் போட்ட ஒரு கை. மூன்றாவதில் குழை. நாலாவதிலும் குழை. பச்சைக் குழை, வாடின குழை, காய்ந்த குழை, திரும்பவும் பச்சைக் குழை. நாற்பது நாளும் குழை. படத்தின் மூலையில் நேரம் விழுந்திருந்தது. முக்கால்வாசி, பின்னேரம் ஐந்தரை மணிக் குழைகள்.

மறீக்கா தலையில் கை வைத்தாள். எழுதவேண்டிய அறிக்கைக்கு ஒரு நரிகூட இல்லை.

காட்டோரம் ஆடு சாய்த்து மேய்க்கிறவர்கள் மிருகம் தீண்டாமல் இருக்க ஒரு கொத்துக் குழை முறித்து ஐயனாருக்கு மரத்தில் கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். விமலேஸ்வரி ஒருநாளும் தவறவிட்டதில்லை.

"ஐயோ, நான் குழை கட்டிற அந்தப் பெட்டியோ கமரா?" என்றார் அவர், சுருதி இறங்கி.

கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு படம், நேற்று விடியற்காலையது. பழைய குழையைக் கழற்றி, புதுக் குழையைக் கட்டும் இடைவெளியில் எடுபட்டது. படம் முழுக்க விமலேஸ்வரியின் முகம். கண் இரண்டும் மூடி, வாய் திறந்து, உருக்கமான வேண்டுதல். அவருடைய தோளுக்குப் பின்னால், குளத்து விளிம்பில், கிடாயின் கழுத்தைக் கவ்வியபடி ஒரு முதலை.

மறீக்கா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"என்னண்டு கும்பிட்டனி, விமலா?" ஜெகதீஸ்வரி கேட்டார்.

"கள்ளனைக் காட்டித் தா எண்டுதான்."

"அவர் காட்டித்தான் இருக்கிறார். நீதான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டிருக்கிறாய்."

விமலேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "சரி தம்பி, பொலிசுக்குப் போகேல்லை. மனசிலை வைக்காதை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

கோகுலனுக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து மறீக்கா இன்னொரு கேள்வி கேட்டாள். யதுர்ஷிகா தமிழில் சொல்லவில்லை. கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள். கோகுலன் மழை வருமோ என்று வானத்தைப் பார்த்தான்.

"வெள்ளைக்காரப் பிள்ளை என்னவாம்?" என்றார் விமலேஸ்வரி.

ஜெகதீஸ்வரி இருக்கும்போது அது ஒரு பிரச்சினையா?

"மரம் நிறையக் கொப்பு இருக்க, அந்தப் பெட்டியிலை போய்க் கட்டச் சொல்லி உனக்கு ஆர் சொன்னது எண்டு கேக்குது."

"வேறை ஆர்? எங்கட யதுதான். பெட்டியிலை கட்டினால் ஐயனாருக்கு நேரை போய்ச் சேருமாம். நான் விடியக் கட்டிப்போட்டு வந்தாலும், பின்னேரம் தானும் ஒருக்காப் போய், குழை விலகாமல் நல்லா மூடியிருக்குதோ எண்டு பாத்துப்போட்டுத்தான் வாறவள். அவ்வளவு பக்தி, பிள்ளைக்கு."

"பின்னேரம் அஞ்சரைக்கு அந்த மரத்தடியிலை கோகுலனுக்கும் அதே பக்தியாக்கும்," என்றார் ஜெகதீஸ்வரி.

ஆவணியில் கல்யாணம். கோகுலனுக்கு வேலை கிடைத்து யதுர்ஷிகா அவனோடு பூநகரிக்குக் குடிபோய்விட்டாள்; மாமி என்று கூப்பிட்டால் விமலேஸ்வரி இப்போது வாயில் போடுவதில்லை. அவர்கள் வீட்டுச் சுவரில் மறீக்கா அனுப்பிய கல்யாணப் பரிசு தொங்குகிறது: கண்ணாடிச் சட்டம் போட்ட வெறும் குழைப் படம், மூலையில் நேரம், பின்னேரம் ஐந்தரை.