முதல் குழாய்

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் மேல்நிலைத் தொட்டிக்குள் குனிந்தபடியே உறைந்து நிற்கிறார். கறுத்த தண்ணீரில், ஒரு துண்டு வெயிலுக்கு நடுவே, களைக்கொல்லி டப்பா மெதுவாகச் சுற்றுகிறது. நேற்று புல்லுக்கு மருந்தடித்துவிட்டு பிள்ளைகள் கைக்கு எட்டாதென்று அவரே மேலே தொட்டி விளிம்பில் வைத்தது. இரும்பு மூடி கனமென்று எப்போதும் பாதிதான் மூடுவார். கேட்டால், "தண்ணியும் கொஞ்சம் காத்து வாங்கட்டுமே" என்று கேலி வேறு. வால்வைத் திறந்து கால் மணி நேரமாகிறது. கீழே தெருவில் குடங்கள் நிரம்பும் சத்தம். ஏணியில் பாதி இறங்கி, பாதி விழுந்து, வால்வை இறுக்கிவிட்டுப் பம்பு அறைக்குள் ஓடி மைக்கைப் பிடிக்கிறார். காணாமல்போன ஆட்டையும் நாளைக்கு நடக்கும் கூட்டத்தையும் ஊருக்குச் சொல்கிற மைக்.   ஜன்னல் வழியே முதல் குழாய் தெரிகிறது. அவர் வீட்டு வாசல் குழாய். அடியில் குடம் இல்லை. நிரம்பி, மனைவியின் இடுப்பில் உள்ளே போய்விட்டது. "ஊர்மக்கள் கவனத்துக்கு" என்றுதான் வழக்கமாகத் தொடங்குவார். இன்று வாயில் வருவது வேறு. "அடியே, பேத்திக்குப் பால் கரைக்காதடி! தண்ணியக் கொட்டு! யாரும் குடிக்காதீங்க, விஷம் விழுந்திருக்கு, என் தப்புதான்!" நான்கு தெருக்களின் ஒலிபெருக்கிகளும் அதை அலறுகின்றன. எங்கோ ஒரு குடம் உருள்கிறது. பிறகு தெருத்தெருவாகக் குடங்கள் கவிழ்கின்றன. "கொட்டிட்டியா? சொல்லுடி" என்று மைக்கிடமே கேட்கிறார். அவர் வீட்டுக் கதவு மட்டும் இன்னும் திறக்கவில்லை.